மூன்று முறை தப்பியவர்

லூசியன் கரோன் சப்பாத்தோடுதான் படுப்பார். காலையில் முதியோர் இல்லத்தில் அவரைப் பராமரிக்கும் றோசலின் போர்வையை விலக்கினால், எண்பத்தெட்டு வயதுக் கால்கள் இரண்டும் இறுக்கக் கட்டிய கறுப்புச் சப்பாத்துடன் தயாராகக் கிடக்கும்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவர் போர் விமானி. ஜெர்மனியர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி அவரைப் பிடித்துக்கொண்டுபோக, மூன்று கைதி முகாம்களிலிருந்து தப்பியவர். முதல் தடவை அழுக்குத் துணி வண்டிக்குள். அடுத்த தடவை வெள்ளையடிப்பவன் போல ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு, முன்வாசலால், காவற்காரனுக்கு வணக்கமும் சொல்லிவிட்டு. அவர் பிரெஞ்சில் சொல்வதை றோசலின் மற்றவர்களுக்குத் தமிழில் சொல்வாள்: "ஏணி தூக்கிறவனை ஒருத்தரும் மறிக்க மாட்டினமாம். வேலைக்காரன் எண்டு விட்டிடுவினமாம்."

மூன்றாவதைப் பற்றிக் கதைக்க மாட்டார். அதில் அவரோடு கூட ஓடியவன் பிழைக்கவில்லை.

தமிழர் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த அந்த இல்லத்துக்கு வந்த மறுவாரமே அவளிடம் தமிழ் கேட்டுப் படிக்கத் தொடங்கினார். ஓம், பேந்து, சுகமோ என்று அன்றாடச் சொற்களாக. றோசலினுக்குப் பெருமை பிடிபடவில்லை. சமையலறைத் தேவதாசன்தான் சிரித்தான்.

"அக்கா, கப்டன் கரோன் முகாமிலயும் முதல்ல காவற்காரற்ற பாசையைத்தானாம் படிச்சவர். இஞ்ச காவற்காரி நீங்கள்."

அந்த வெள்ளிக்கிழமையே கரோன் வாளியும் துடைப்பமுமாகப் பின்கதவால் நடந்துவிட்டார். இரண்டு மணி நேரம் தேடிய பிறகு, ஒரு தமிழ்க் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தவரை றோசலின் கண்டாள்.

"சுகமோ?" என்றார்.

இல்லத்துப் பொறுப்பாளருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை அவர் வெளியே போனால் றோசலின் வேலைக்கு வரவேண்டாம் என்றார். மன்னாரிலிருந்து கணவனைக் கூப்பிட அவள் போட்ட விண்ணப்பம் அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. அவள் கிழவரிடம் அதைச் சொல்லவில்லை. தேவதாசன் பொறுக்கமாட்டாமல் போய், தெரிந்த பிரெஞ்சில் சொல்லிவிட்டான்.

"என்னவாம்?" என்று கேட்டாள்.

"ஜன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தார்."

செவ்வாய்க்கிழமை புதுக் குளிர்சாதனப் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர்கள் பின்கதவுக்குச் செங்கல்லொன்றை அண்டை கொடுத்துவிட்டு மாடிக்குப் போயிருந்தார்கள். றோசலின் ஓடி வந்தபோது கரோன் வாசலில் நின்றார். வெளியே பனி உருகி ஓடியது. தெருவுக்கு ஆறு அடி. ஒரு பஸ் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அது திருப்பத்தில் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கைத்தடியால் செங்கல்லைத் தள்ளினார். கதவு மெல்ல வந்து பொருந்தியது. பூட்டு விழுந்துவிட்டதா என்று கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.