தீர்த்தம்மாள் ஏறிப் பார்த்த இன்ஜின்

பாலக்கோடு தக்காளி மண்டியில் தீர்த்தம்மாள் வாயைத் திறந்தால் வியாபாரிகள் சொல்ல வந்த விலையையே மறந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவள் ஒரு வாரமாக ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்: "வேணாம்." மகன் இளம்பரிதிக்கு ரயில்வேயில் உதவி ஓட்டுநர் வேலை கிடைத்திருந்தது. ஊரே வந்து கைகொடுத்துவிட்டுப் போனது. பெற்றவள்தான் முகம் கொடுக்கவில்லை.

காரணம் வீட்டுக்குள்ளேயே நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தது. கணவர் பச்சியப்பன் முன்பு தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்வந்தவர். கிளீனர் வைத்தால் கட்டுப்படியாகாது என்று முதலாளி கைவிரித்துவிட, தனியாகவே ஓட்டினார். ஒரு விடியற்காலையில் கண் அசந்து லாரி பள்ளத்தில் சாய்ந்தது. உயிர் தப்பியது, கால்தான் பழையபடி ஆகவில்லை. "பக்கத்துல பேச்சுக் குடுக்க ஒரு ஆளு இருந்திருந்தா..." என்று அவள் ஆரம்பித்தாலே மனுஷன் நைசாகக் கடைவீதிப் பக்கம் நழுவிவிடுவார்.

"தண்டவாளத்துல போற வண்டிடி. பள்ளத்துல எல்லாம் எறங்காது" என்று அவரும் சொல்லிப் பார்த்தார்.

"தூக்கம் என்ன, ரோடா தண்டவாளமான்னு பாத்துட்டா வருதுங்க?"

அம்மாவை மீறிக் கிளம்ப இளம்பரிதிக்கு மனசு வரவில்லை. வேலையை விடவும் மனசில்லை. "ஒரு தடவ இன்ஜினுக்குள்ள ஏறிப் பாரும்மா. அப்பறமும் வேணாம்னா நான் போவல" என்று சொல்லி, மைசூரில் இருக்கும் ரயில் மியூசியத்துக்கு அழைத்துப் போனான்.

பழைய ரயில்களைச் சீர்செய்து, பளபளவென்று பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். மகாராணி போன பெட்டியின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவள், "நம்ம வூட்டவிட வசதியாத்தான் இருக்குது" என்று ஒப்புக்கொண்டாள். பிறகு கறுப்பு நீராவி இன்ஜினில் ஏறினாள். உள்ளே சுற்றிப் பார்த்தாள்.

"ஒருத்தன் ஓட்டறதுக்கு இத்தன எடம் எதுக்குடா?"

"ஒருத்தர் இல்லம்மா. கரி அள்ளிப் போடவே தனியா ஆளுங்க இருந்தாங்க. இப்பக் கரி இல்ல, ஆனாலும் ரெண்டு பேருதான். சிக்னல் தெரிஞ்சதும் ஒருத்தர் சத்தமாச் சொல்லணும், இன்னொருத்தர் அதையே திருப்பிச் சொல்லணும். வழியெல்லாம் அப்படித்தான்."

"பேசிக்கிட்டேவா போவீங்க?" அவளால் நம்ப முடியவில்லை. "எங்க, சொல்லு பாக்கலாம்."

அவன் வெளியே தலையை நீட்டி, "பச்சை" என்றான்.

"பச்சை" என்றாள்.

"மஞ்சள்."

"மஞ்சள்."

ஏறுவதற்குக் கீழே காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். நெஞ்சில் ஒரு வாரமாக அடைத்துக்கொண்டிருந்தது கரைந்துபோன சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழே இறங்கியவள், பஸ்ஸில் குமட்டாமல் இருக்க முகர்ந்துகொண்டு வந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து இன்ஜின் சக்கரத்துக்கு அடியில் வைத்துக் கும்பிட்டாள். ஓடிவந்த காவலாளி, இது ஓடாத வண்டியம்மா என்று கன்னடத்தில் சொன்னார். இவன் ஓட்டப்போவது ஓடுமே என்று மண்டியில் கற்ற கன்னடத்தில் பதில் சொன்னாள் தீர்த்தம்மாள். அவர் சிரித்துக்கொண்டே பழத்தை அங்கேயே விட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "உன்கூட வண்டி ஓட்டப் போறவரு யாருடா?"

"வேலைக்குப் போனாத்தாம்மா தெரியும்."

"யாரா இருந்தாலும் ஒரு நாளு வூட்டுக்குக் கூட்டியா. உங்கப்பாவுக்குக் கெடைக்காத ஆளுடா அவரு. என் கையால சோறு போடணும்."