எதிரணி ஓரத்தில் எண்கம்பு பிடித்தவர்

லெஸ்டர் ஹுடாக்கை ஹார்லன் க்ரீக்கில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘முட்டைக்குப் பத்து’ என்பார்கள், அவசரத்துக்கு ‘பத்து’. 1985இல் எங்கள் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி பத்து ஆட்டம் ஆடியது, பத்திலும் தோற்றது, ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அந்த அணியின் குவார்ட்டர்பேக் அவர். பந்தை வாங்கி, எதிராளி மேலே வந்து விழுவதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிற வேலை. ஜெயித்தால் பதினோரு பேருக்கும் மாலை, தோற்றால் அவன் ஒருவன் தலையில்தான் விடியும். எங்கள் பென்சில்வேனியா மலைப் பக்கத்தில் இதற்கு மேல்முறையீடு கிடையாது.

டோரா கடையில் காலைக் காப்பி குடிக்கும்போது வால்ட் ப்ரென்னர்தான் தினமும் ஆரம்பிப்பான். லெஸ்டர் எறிந்த பந்தைப் பிடிக்க ஓடியவன் அவன்.

“டேய் பத்து, அந்த உப்புக் குப்பிய கையில குடு. நீ எறிஞ்சேன்னா பக்கத்து மேசைக்காரன் புடிச்சிருவான்.”

கடை முழுக்கச் சிரிக்கும். லெஸ்டரும் சிரிப்பார். அந்தப் பருவத்தில் அவர் எறிந்ததில் இருபத்து மூன்று பந்துகள் எதிரணி கைக்குப் போயின என்று வால்ட் புள்ளிவிவரம் சொல்வான். அதற்கும் சிரிப்பார். ஆனால் வால்ட் அடுத்ததைச் சொல்லும்போது மட்டும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடுவார். “கடைசி ஆட்டத்துல நான் மூலையில தனியா நிக்கறேன். இவன் அடி விழும்னு பயந்து கண்ண மூடிட்டு எறிஞ்சுட்டான்!”

மில்லர்ஸ் ஃபோர்டுக்கு எதிரான பத்தாவது ஆட்டம் அது. கோட்டுக்கு நாலு கஜம், ஐந்து நொடி பாக்கி, ஒரே ஒரு எறி சரியாகப் போனால் வெற்றி. மூன்றாவது ஆட்டத்திலேயே லெஸ்டருக்கு விலா எலும்பில் விரிசல் விழுந்திருந்தது, கட்டுப் போட்டுக்கொண்டுதான் ஆடினார். வால்ட் தனியாக நிற்பதைப் பார்த்தார், எறிந்தார். அதே நொடியில் ஒரு தடியன் மேலே விழுந்தான். எழுந்து பார்த்தால் பந்து மில்லர்ஸ் ஃபோர்டு பையன் ஒருவனின் நெஞ்சில் இருந்தது.

அங்கே யாருமே இல்லையே? அல்லது பார்க்கவே இல்லையா? உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டோமா? பனிக்காலத்தில் மாவட்டச் சாலைத்துறை வண்டியில் சாலைப் பனி வழித்துக்கொண்டு போகும்போதெல்லாம் அவருக்கு இதே கேள்விதான். தோற்றவன் என்ற பெயரை அவர் எப்போதோ விழுங்கிவிட்டார். கோழையா என்பதுதான் நாற்பது வருடமாகத் தொண்டையில் நின்றது. அடி வாங்கியதில் அந்த ஒரு நொடி அவர் நினைவிலிருந்தே அழிந்துபோயிருந்தது. ஆகவே வால்ட்டை மறுத்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை.

இருபத்திரண்டு வருடமாக லெஸ்டர் எங்கள் மைதானத்தில் எண்கம்பு பிடிக்கிறார். எத்தனையாவது முயற்சி என்று ஒன்று முதல் நான்கு வரை தகடு திருப்பிக் காட்டுகிற கம்பு. ஊர்க்காரர்தான் பிடிப்பார், ஆனால் நிற்க வேண்டியது எதிரணி ஓரத்தில், அவர்கள் பயிற்சியாளர்களின் மூச்சு படும் தூரத்தில். கைதட்டக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. முக்கியமாக, அந்தப் பக்கம் காதில் விழுந்ததை இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது. அந்த ஓரத்தில் நம் பையன்களைப் பற்றி வந்து விழும் வசவுகளைக் கேட்டுக்கொண்டு நிற்க வேறு யாருக்கும் பொறுமை இல்லாததால் வேலை அவருக்கு வந்தது.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம் மில்லர்ஸ் ஃபோர்டு வந்தது. கூடவே அந்த 1985 ஆட்டத்தில் அவர்களுக்குப் பயிற்சியாளராக இருந்து, பிறகு ஓய்வுபெற்ற ஆர்னி ஸ்விட்டெக், எண்பத்து மூன்று வயது, மடக்கு நாற்காலியில் போர்வையோடு. அவரைப் பார்த்ததுமே லெஸ்டர் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

எங்கள் குவார்ட்டர்பேக் பையன் அன்றைக்கும் சொதப்பிக்கொண்டிருந்தான். மில்லர்ஸ் ஃபோர்டின் இளம் உதவிப் பயிற்சியாளர் கையிலிருந்த தாளைத் தட்டிச் சிரித்தான்.

“எறிஞ்சதுல நூத்துக்கு நாப்பதுகூடத் தேறல, தாத்தா. இவனெல்லாம் குவார்ட்டர்பேக்கா?”

“அந்தத் தாள மடிச்சுப் பைல வை,” என்றார் கிழவர். “எறிஞ்ச பந்து எங்க போச்சுன்னு தாள் சொல்லும். எறியறதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் நின்னான்னு சொல்லுமா? இதே மைதானத்துல எம்பத்தஞ்சுல ஒருத்தன் இருந்தான். பத்துக்குப் பத்து தோத்தான்.”

“அவனப் பத்தி எதுக்கு இப்ப?”

“நான் வாரம் பூரா தூங்காம பயந்தது அவன் ஒருத்தனுக்குத்தான். அவனக் காக்க முன்னால நின்ன பசங்க நனைஞ்ச அட்டை மாதிரி. பந்த வெளிய எறிஞ்சுட்டு விலாவையும் காப்பாத்திக்கலாம், பேரையும் காப்பாத்திக்கலாம். அவன் செய்யல. தன் ஆளு ஓடி வர்ற வரைக்கும் நிப்பான், அடி வாங்குவான், எழுந்து போய் அடிய விட்டவனயே தட்டிக் குடுப்பான்.”

லெஸ்டர் கம்போடு நாற்காலிப் பக்கம் அரையடி நகர்ந்தார்.

“கடைசி எறிய நீங்கதான புடிச்சீங்க?”

“புடிச்சோம், எங்க முட்டாள்தனத்தால! எல்லாரையும் இடப்பக்கம் ஓடச் சொன்னேன். ஒரு பய மட்டும் குழம்பிப்போய் வலப்பக்கம் ஓடினான். ஓடின வழியில பந்து வந்து நெஞ்சுல ஒட்டிக்கிச்சு. பந்து அந்தப் பையன் கைய விட்டப்ப அந்த இடம் காலிடா. அவன் சரியாத்தான் பாத்தான். ஆட்டத்தப் படம் புடிச்சிருந்தோம், அத நான் வசந்தம் வரைக்கும் போட்டுப் போட்டுப் பாத்தேன். தடியன் மேல விழறான், பையனோட கண்ணு ரெண்டும் இவ்ளோ பெருசா தொறந்திருக்கு.”

மைதானத்தில் ஊதல் அடித்தது லெஸ்டர் காதில் விழவில்லை. எல்லாரும் மூன்றாவது முயற்சிக்குத் தயாராக நிற்க, தகடு இரண்டையே காட்டிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

“ஹுடாக்! மூணு! மூணு மாத்துய்யா! தூங்கறியா?” நடுவர் கத்தினார்.

லெஸ்டர் அவசரமாகத் தகட்டைத் திருப்பினார்.

“ஹுடாக்கா?” என்றார் கிழவர். “லெஸ்டர் ஹுடாக்கா?”

பேசக் கூடாது என்பது விதி. லெஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

கிழவர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். “அன்னிக்கே வந்து உங்கிட்ட சொல்லியிருக்கணும் தம்பி. ஜெயிச்ச தலைக்கனத்துல விட்டுட்டேன். மன்னிச்சுக்க.”

“பரவால்ல கோச்,” என்று விதியை மீறினார் லெஸ்டர். சொன்னதும் நெஞ்சிலிருந்து பாறாங்கல் ஒன்று இறங்கியது. முழு மூச்சாக ஒரு மூச்சு விட்டார். மீதி ஆட்டம் முழுக்கக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. குளிர் காற்று என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் அணி தோற்றது. வெளியே வரும்போது வால்ட் பிடித்துக்கொண்டான். “என்ன பத்து, கம்பையும் தப்பாப் புடிக்க ஆரம்பிச்சிட்ட?”

“ஆமாடா,” என்று வயிறு குலுங்கச் சிரித்தார் லெஸ்டர். வால்ட்டுக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டில் மனைவி ரெனே பியரோகிக் கொழுக்கட்டை வதக்கிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டியிடம் சொல்வது சொல்வதில் சேராது என்று தீர்மானித்து, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நாப்பது வருஷமா இதையா உள்ள வெச்சுக்கிட்டு இருந்த, லெஸ்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!” பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “காலைல டோரா கடைக்கு நானே வர்றேன். அந்த வால்ட்டு மூஞ்சில நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்.”

“வேணாம் ரெனே. அந்தப் பக்கம் கேட்டத இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது.”

“உன் பேரு கெட்டுக் கெடக்குதேய்யா ஊர்ல!”

“பேரு கெடந்துட்டுப் போகட்டும்,” என்றார் லெஸ்டர் தட்டை இழுத்துக்கொண்டு. “என் கண்ணு தொறந்துதான் இருந்திருக்கு.”