ஆன்டியின் வீடியோக்கள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை நான்தான் நடத்தினேன். கலகலப்பு வேண்டும், ஆனால் தரம் குறையக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. விற்பனையைப் பார்த்துக்கொண்ட ஆன்டி வீடியோவில் புடவையை விரித்துக் காட்டி, "கட்டிப் பாரு லா, மகாராணி மாதிரி இருப்பே" என்பார். 'லா' போட்ட அந்த மலேசியப் பேச்சு பக்கத்துக்கு ஒத்துவராது என்று, ஒவ்வொரு வீடியோவிலும் அவர் குரலை எடுத்துவிட்டுப் பாட்டு போட்டேன். பெரிய ரசனைக்காரன் என்று நினைப்பு எனக்கு.

ஆன்டி மாரடைப்பில் இறந்த மறுவாரம் அவருடைய மகள் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அம்மா பேசுற வீடியோ ஒண்ணு இருந்தா அனுப்புங்கண்ணே. பாட்டு இல்லாம."

போனில் இடம் போதவில்லை என்று, பாட்டு போடாத அசல் வீடியோக்களை எப்போதோ அழித்திருந்தேன். தேடிப் பார்க்கிறேன் என்று பொய் சொன்னேன்.

அவள் கையிலிருந்த போனில் ஆன்டி வாயசைத்துக்கொண்டிருந்தார். நான் போட்ட பாட்டுதான் கேட்டது.