தம்பி தோற்ற ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீடியோ கேமில் என் தம்பியை ஜெயித்தேன். வாழ்க்கையில் முதல் முறை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? அன்றிலிருந்து பல நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி இன்பராஜ் காக்ஸ் டவுனில், எங்கள் பழைய வீட்டிலேயே இருக்கிறான். நான் மல்லேஸ்வரம். அன்று காலை அவனே ஸ்கூட்டரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனான். சர்ச்சில் பூசை முடிந்து, அவன் மனைவி ஸ்டெல்லா செய்த பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு சோபாவில் சாய்ந்தேன். இன்பா ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்துவந்து டிவியில் செருகினான்.

"அக்கா, கண்ண மூடு."

மூடினேன். மியூசிக் வந்தது. கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிட்டது... எங்கள் ரேஸ் கேம்!

பள்ளிக்கூட நாட்களில், துபாயிலிருந்து வந்த மாமா கொண்டுவந்து கொடுத்தது. ஏதோ ஒரு எதிர்கால நகரம். அதற்கு மேலே, ஆகாயத்தில் ரிப்பன் கட்டினாற்போல் ஒரு ரோடு. சக்கரமே இல்லாத வண்டிகள் அதில் மிதந்துகொண்டு பறக்கும். சுவரில் உரசினால் வண்டியின் சக்தி குறையும். சில திருப்பங்களில் சுவரும் கிடையாது — தப்பினால் பாதாளம்! வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். நான் விழுந்துகொண்டே இருப்பேன். இன்பா ஒரு கீறல் இல்லாமல் முடிப்பான். ஒரு தடவைகூட அவனை நான் முந்தியதில்லை.

இப்போதைய பெட்டிகளில் இந்த மாதிரிப் பழைய கேம்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றனவாம். இதற்காகவே தேடி வாங்கியிருக்கிறான்.

ஆளுக்கு ஒரு ரேஸ் என்று பேச்சு. முதலில் நான். உள்ளங்கை வேர்த்தது. ஆனால் விரல்கள் அந்தத் திருப்பங்களை மறக்கவில்லை! எப்படியோ மூன்றாவதாக வந்துவிட்டேன்.

அடுத்து இன்பா.

கிளம்பியதுமே இடது சுவரில் உரசினான். திருத்தினான். வலது சுவரில் உரசினான். பக்கவாட்டில் ஒரு வண்டி முந்திக்கொண்டு வருகிறது, சோபாவில் இருக்கும் எனக்கே பளிச்சென்று தெரிகிறது. "லெஃப்ட்டுல வரான்டா!" என்று கத்தினேன். அவன் விலகவே இல்லை. மோதிய பிறகுதான் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எங்கேர்ந்துக்கா வருதுங்க இதெல்லாம்? திடீர்னு முன்னாடி வந்து நிக்குது!"

வண்டி வெடித்தது. ரிமோட் சரியில்லை என்றான். என்னுடையதை வாங்கி ஆடினான். மறுபடியும் வெடித்தது. நான் எழுந்து நின்று கை தட்டினேன். ஆட்டம்கூடப் போட்டேன் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் அதைச் சொன்னான்.

"இது வேற வெர்ஷன்க்கா. மூலையில மேப் இருக்குமே, அத எடுத்துட்டானுங்க. ஸ்பீடும் காட்டல."

டிவியைப் பார்த்தேன். வலது மூலையில் பச்சையாக மேப், அதில் மினுக்கும் புள்ளி. இடது மூலையில் கட்டை விரல் அளவுக்கு ஸ்பீடு.

"இருக்கேடா."

"எங்க?" கண்ணை நகர்த்திப் பார்த்தான். "அட, ஆமா... இருக்கு." சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடி மாற்றப் போனபோது என் டாக்டர் செய்த ஒரு சோதனை ஞாபகம் வந்தது. அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன். "என் மூக்கையே பாரு. கண்ண நகத்தாத" என்று சொல்லி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தேன்.

"எந்தக் கை விரல் ஆடுது?"

"ரெண்டும் ஆடலியே."

இரண்டையும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சமையலறை வாசலில் ஸ்டெல்லா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். எனக்குக் காலையில் வந்த வழி கண்ணுக்குள் ஓடியது. ஜெயமஹால் ரோட்டில் ஓர் ஆட்டோ இடது பக்கமாக ஏறி வந்தது. நான் அலறினேன். இவன் பிரேக் போட்டுவிட்டு, எங்கிருந்து வந்தான் இவன் என்று திட்டினான். ஆட்டோக்காரன் மேல் தப்பு என்றே நானும் நினைத்துக்கொண்டேன்.

இவன் வேலை சந்தாபுராவில். தினமும் ஓசூர் ரோட்டில், இரண்டு பக்கமும் லாரிகளுக்கு நடுவே, இதே கண்களோடுதானே போய் வருகிறான்?

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் இன்பா."

"இன்னாக்கா நீ, நாப்பத்தஞ்சு வயசுல கேம் ஆட வரல, அவ்ளோதான். அதுக்குக் கண்ணே போச்சுன்னுடுவியா? வா, உன்ன வூட்ல வுட்டுட்டு வரேன்."

ஸ்கூட்டர் சாவியை ஸ்டெல்லா முதலில் எடுத்துவிட்டாள்.

"அண்ணி சொல்றது சரிதாங்க. கதவுல தோள இடிச்சிக்கிட்டே இருக்கீங்க. அன்னிக்கு நான் நீட்டின காபியத் தட்டிவிட்டீங்களே... கோவத்துல தட்டிட்டீங்கன்னு உங்களோட பேசாம இருந்தேன். அப்போ... நீங்க பாக்கவே இல்லியா?"

இன்பா சாவிக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். மெல்ல உட்கார்ந்தான். அவன் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரி. ஆட்டோவில் போனோம். அரைவட்டக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். அதற்குள் முகத்தை வைத்து நேராகப் பார்க்க வேண்டும். எங்கெங்கோ சின்ன வெளிச்சங்கள் தோன்றும். தோன்றும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும்.

திரைக்கு வெளியே ஸ்டெல்லாவும் நானும். உள்ளே பட்டன் சத்தம் கேட்டது. டிக்... டிக்... அப்புறம் ஒன்றுமில்லை. மெஷின் மட்டும் உறுமுகிறது. வெளிச்சங்கள் வந்துகொண்டுதான் இருக்கும், இவனுக்குத் தெரியவில்லை. அழுத்துடா, அழுத்துடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த இடம் கன்றிப்போயிருந்தது. பிறகுதான் கவனித்தேன்.

டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்தார்.

"வண்டி ஓட்றீங்களா?"

"டெய்லி சந்தாபுராவுக்கு, மேடம்."

பேனாவைக் கீழே வைத்தார். "இனிமே தொடாதீங்க."

இரண்டு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை போயிருந்தது. நடுவில் மட்டும், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல. ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் ஒரு கட்டி. கண் நரம்புகள் இரண்டும் சந்திக்கிற இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. இந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் கேன்சராக இருக்காது, மெதுவாக வளரும் என்றார்கள். ஆனால் விட்டுவைத்தால் மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடும். எடுத்தாலும், போனதெல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாதாம்.

நான் ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன். "ஓரமெல்லாம் இருட்டாத் தெரிஞ்சிருக்குமே டாக்டர், எப்படிக் கவனிக்காம இருந்தான்?"

அவர் திருப்பிக் கேட்டார். "உங்க முதுகுக்குப் பின்னாடி இப்ப இருட்டாவா இருக்கு?"

யோசித்துப் பாருங்கள். இருட்டாக இல்லை. ஒன்றுமே இல்லை!

இருட்டு என்றால் நாம் பயந்துவிடுவோம், லைட்டைத் தேடுவோம். ஒன்றுமே இல்லாத இடத்துக்கு யார் பயப்படுகிறார்கள்? காணாமல் போனது காணாமல் போனதாகவே தெரியாது. அதனால்தான் அவ்வளவு தைரியமாக ஓட்டியிருக்கிறான். உடம்பில் மட்டும்தான் இப்படியா? கோபத்தில் தட்டினான் என்று ஒரு மனைவி நினைத்துக்கொண்டிருந்தாளே... அதுவும் இந்த வகைதான் போல.

மூக்கு வழியாக ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும்போது இன்பா ஜோக் அடிக்கவில்லை. "ஸ்டெல்லாவ தனியா வுடாதக்கா" என்றான். அவ்வளவுதான்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஸ்டெல்லா ஜெபமாலை உருட்டினாள். நானும் ஜெபிக்கத்தான் பார்த்தேன். தலைக்குள் அந்தப் பாழாய்ப்போன ரேஸ் மியூசிக்தான் திரும்பத் திரும்ப ஓடியது. நிறுத்த முடியவில்லை. உள்ளே கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். வேறு யாரையோ கூப்பிடுவார்கள். உட்காருவோம்.

கடைசியில் சர்ஜன் வந்து, நல்லபடியாக எடுத்தாயிற்று என்றார். கண்ணைப் பற்றிக் கேட்டேன். "காத்திருக்கணும்" என்றார். இதைவிடப் பயங்கரமான வார்த்தை எந்த மொழியிலாவது இருக்கிறதா?

ஐ.சி.யூவிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். மூக்கில் பஞ்சு. தலையைத் திருப்பாதே, தும்மாதே என்று ஏகப்பட்ட கட்டளைகள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஸ்டெல்லா, கன்னமெல்லாம் ஈரமாக. கண் தெரிகிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால்தானே பதில் வரும்? பதிலுக்குத்தான் பயம்.

இன்பா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். தலை அசையவில்லை, கண்ணும் அசையவில்லை. அடைத்த மூக்கோடு பேசினான்.

"ரெண்டு பேரும் எதுக்கு இப்பிடி மூஞ்சிய வெச்சினு இருக்கீங்க? ஸ்டெல்லா, கண்ணத் தொடச்சிக்க."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தோம் என்று தெரியாது. நர்ஸ் ஓடிவந்து, "ஸ்வல்ப மெல்லகே, அம்மா!" என்று கன்னடத்தில் அதட்டினார் — கொஞ்சம் மெதுவாகவாம்.

அத்தனை நாளும் சத்தமில்லாமல் அழப் பழகியிருந்தோம்... சத்தமில்லாமல் சிரிக்க வரவில்லை!