மேடையில் நான் சொன்ன காரணம்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விழா. ஐந்தாம் வகுப்போடு நின்று, இரண்டு அரிசி ஆலைகளை நானே உண்டாக்கியவன் என்பதால் என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். ஆங்கில சோக நாடகம் ஒன்றை நடித்துவிட்டு, அதில் வரும் ராஜா ஏன் வீழ்ந்தான் என்று பிள்ளைகள் அலசினார்கள். எனக்கு இங்கிலீஷ் புரியாது. ஆனாலும் மைக்கை வாங்கினேன்.

“அடுத்தவன் பேச்சைக் கேட்டிருப்பான், அழிஞ்சான். நான் ஒருத்தன் யோசனையும் கேட்டதில்ல. அதான் நிமிந்து நிக்கேன்!”

கைதட்டல் அடங்கியதும் ராஜா வேடமிட்ட மாணவன் எழுந்தான்.

“அண்ணாச்சி, முதல் காட்சியில ராஜாவும் இதையேதான் சொல்லுதான்.”

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று காலை, ஆலை விஷயமாக யோசனை சொன்ன மகனை, “வெளிய போலே” என்று விரட்டியிருந்தேன்.

காரில் ஏறி மனைவிக்குப் போன் போட்டேன்.

“அவன் வந்துட்டானா?”

“போகச் சொன்னது நீங்கதான? நீங்க கூப்பிட்டாத்தான் வருவான்.”

மகனை எப்படிக் கூப்பிடுவது? வாழ்க்கையில் முதன்முறையாக, யாரிடமாவது யோசனை கேட்கவேண்டும் போலிருந்தது.