மடிப்பக்காவுக்குப் பட்டை சிவந்த நாள்

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்துல பதினோரு வருஷமா இருக்கேன். ரத்தம், சீழ், வாந்தின்னு ஒட்டாத போர்வை இல்ல, எல்லாத்தையும் இந்தக் கையாலதான் உதறியிருக்கேன். ஒருநாளும் குமட்டினதில்ல. ஆனா எங்க மேனேஜர் கொண்டாந்த அந்த ஏழு நிமிஷப் பயிற்சிய நினைச்சா இன்னிக்கும் காறித் துப்பணும் போல வருது.

மடிப்பக்காவப் பத்திச் சொல்றேன், மடிக்கிற வேகத்துக்கு நாங்க வெச்ச பேரு அது. துணி தேய்க்கிற சூட்டு உருளையிலிருந்து வர்ற போர்வைய மூலை பிடிச்சு ஒரு உதறு, மூணு மடிப்பு, முடிஞ்சுது. நாங்க ஒண்ணு மடிக்கிறதுக்குள்ள அவங்க மூணு மடிச்சிருப்பாங்க. வாயும் சும்மா இருக்காது. "என்னடி, போர்வையத் தூங்க வைக்கிறியா? தாலாட்டு பாடவா?"ன்னு என்னை வம்புக்கு இழுப்பாங்க. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தப்புறம் ஒத்த ஆளா மகள வளர்த்தாங்க. அது நர்சு படிப்புல கடைசி வருஷம். "இன்னும் எட்டு மாசம்டி. அதுவரைக்கும் இந்த உடம்பு நின்னா போதும்"னு தினமும் சொல்லுவாங்க.

இங்க நாலு பேர் வேலைய ரெண்டு பேர் செய்யறோம். ஆளைக் குறைச்சது மேனேஜர். அப்புறம் எல்லாரும் உடம்பு முடியாம லீவு போடறோம்னு கவலைப்பட்டதும் அவரேதான். "உங்களுக்கு நேரமில்லைன்னு எனக்குத் தெரியும்மா. நேரமில்லாதவங்களுக்குன்னே வந்த உடற்பயிற்சி இது, ஏழே நிமிஷம்"னார். அந்த ஏழு நிமிஷத்த எங்கேர்ந்து எடுத்தார் தெரியுமா? எங்க பதினஞ்சு நிமிஷ டீ நேரத்துலேர்ந்து. மனுஷனா அவன்!

இருபது வினாடி உயிரக் கொடுத்துக் குதிக்கணும், பத்து வினாடி நிக்கணும், மறுபடி குதிக்கணும். சொல்லிக் கொடுக்க ஒரு மாஸ்டர், கையில விசில். முதல் நாள் அவன் ஓய்வுக்கு விசில் ஊதினதும் நாங்க அத்தனை பேரும் மிஷினப் பார்த்து ஓடினோம். எங்களுக்கு விசில்னா துணி வெந்துடுச்சு, போய் எடுன்னு அர்த்தம். "எங்கம்மா ஓடுறீங்க?"ன்னு அவன் பின்னாடியே ஓடி வந்தான். நாங்க சிரிச்சது அன்னிக்கு மட்டும்தான்.

மறுநாள் ஆளுக்கொரு கைப்பட்டை வந்துச்சு. நாடித்துடிப்பு ஏற ஏற பச்சை மஞ்சளாகி சிவப்பாகும். மாசம் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது சிவக்காதவங்களுக்குச் சுறுசுறுப்பு போதாதாம், கீழ்த்தளத்துக்கு மாத்திடுவாங்களாம். கீழ்த்தளம்னா ஈர மூட்டை தூக்குற இடம். அக்கா வயசுல அங்க போனவங்க யாரும் ரெண்டு மாசம் தாண்டினதில்ல.

எங்க எல்லாருக்கும் சிவந்துச்சு, அக்காவுக்கு மட்டும் இல்ல. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கக் குதிக்கிறாங்க, வேர்வை தரையில சொட்டுது, பட்டை பச்சையாவே இருக்கு. "ஏமாத்தாதீங்கக்கா, மிஷின் பொய் சொல்லாது"ன்னான் அந்த மாஸ்டர். அவன் பல்லை உடைக்கணும்னு இருந்துச்சு எனக்கு.

துணி மாத்துற ரூம்ல அக்கா என்கிட்ட மட்டும் சொன்னாங்க. "டாக்டர் கொடுத்த மாத்திரைடி. நெஞ்சு படபடக்காம அடக்கி வைக்குமாம். நான் தலைகீழா நின்னாலும் துடிப்பு ஏறாது."

"அதச் சொல்லித் தொலைங்கக்கா மேனேஜர்கிட்ட!"

"சொன்னா நெஞ்சு நோய்க்காரின்னு இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். எட்டு மாசம் இருக்குடி. நீ வாயத் திறக்கக் கூடாது."

நானும் திறக்கல. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

மாசக் கடைசி வாரத்துல ஒருநாள், மூணாவது சுத்துலயே அக்காவுக்குச் சிவந்துச்சு. மேனேஜர் கைதட்டினார். விசில் ஊதினதும் நாங்க எல்லாம் நின்னுட்டோம், எங்க பட்டையெல்லாம் மஞ்சளுக்கு இறங்கிடுச்சு, அக்காவோடது மட்டும் சிவப்பாவே துடிக்குது. "எல்லாரும் அக்காவப் பாருங்க, இதான் உழைப்பு!"ன்னான் மாஸ்டர். அக்கா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, உதடு வெளிறிக் கிடந்துச்சு. அப்படியே மடிச்சு வெச்ச போர்வை மேல சாய்ஞ்சுட்டாங்க.

துணி தள்ளுற வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மேனேஜரும் பின்னாலயே ஓடி வந்தார். பரவாயில்ல, மனுஷத்தன்மை இருக்குன்னு நினைச்சேன். "அந்தப் பட்டையக் கழட்டிக் குடுத்துடுங்கம்மா, தொலைஞ்சுடப் போகுது"ன்னார். சீ! கழட்டி அவர் காலடியில விட்டெறிஞ்சேன்.

அக்கா பையில இருந்த அட்டையில அஞ்சு நாள் மாத்திரை முழுங்காம அப்படியே இருந்துச்சு. "ஏன் நிறுத்தினாங்க?"ன்னு டாக்டர் கேட்டார். சாயங்காலம் அக்கா கண்ணு முழிச்சதும் பக்கத்துல நின்ன மகளப் பார்க்கல, என்னைத்தான் தேடினாங்க. "சிவந்துச்சுல்லடி?"

"சிவந்துச்சுக்கா."

"அப்பாடா"ன்னு மறுபடி கண்ண மூடிக்கிட்டாங்க.

மக என் கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனா. "என்ன சித்தி சிவந்துச்சு?" மறைக்கத் தெரியல, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவ அழக்கூட இல்ல.

அக்கா பிழைச்சுட்டாங்க. ஆனா இனிமே ஒரு வாளி தண்ணி தூக்கக் கூடாதாம். மேனேஜர் பெரிய மனசு பண்ணி மகளுக்கு வேலை போட்டுக் கொடுத்தார், கீழ்த்தளத்துல. படிப்பப் பாதியில விட்டுட்டு இப்ப ஈர மூட்டை தூக்குறா. டீ நேரத்துல மேல வந்து எங்களோட குதிக்கிறா. இருபது வயசு, வெறி பிடிச்ச மாதிரி குதிக்கிறா, முதல் சுத்துலயே சிவந்துடுது. "இந்தப் பொண்ணப் பார்த்துக் கத்துக்கோங்க"ங்கறான் மாஸ்டர்.