கழன்று வராத வாட்டர் பம்ப்

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் சொந்தமாக வேன் வைத்து ஓட்டும் ஒரே பெண் கார்குழலி. வயது நாற்பத்து மூன்று. மணலிப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் வேலை செய்யும் ஆறு பெண்களைத் தினமும் விடியற்காலை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவாள். வேன் பழசு. டீசல் வண்டி, பதினாறு வயது. ஆனாலும் அது ஒருநாளும் வழியில் நின்றதில்லை என்பதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு.

வேனின் பானட்டை அவளைத் தவிர யாரும் திறக்கக்கூடாது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் பிரேக் பார்க்கச் சொல்லி ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேனை விட்டாள். திரும்பி வந்தபோது வண்டியை ஸ்டார்ட் செய்யும் நல்ல செல்ஃப் மோட்டாரைக் காணோம், அந்த இடத்தில் ஏதோ ஒரு பழைய மோட்டார் இருந்தது. கேட்டதற்கு, "லேடீஸுக்கு இதெல்லாம் இன்னாமா தெரியும், போயிகினே இரு" என்று சிரித்தான். அந்த வாரமே ஸ்பேனர் செட் வாங்கினாள். ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆயில் மாற்றக் கற்றாள், பிரேக் கற்றாள், கிளட்ச்கூடப் பிரித்துப் போட்டாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வேனுக்கு அடியில் தண்ணீர் சொட்டியது. எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் போய்விட்டது. சாயங்காலமே ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்குப் போய்ப் புது பம்ப் வாங்கி வந்துவிட்டாள். ஞாயிறு மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம், திங்கட்கிழமை வழக்கம்போல ட்ரிப் என்று கணக்கு.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தாள். ஒன்பதுக்குள் ரேடியேட்டர், ஃபேன், பெல்ட் எல்லாம் தரையில் இருந்தன. பம்பை எஞ்சினோடு பிடித்திருப்பது ஐந்து போல்ட். மூன்று நல்லபடியாக வந்தன. நான்காவதை அழுத்தித் திருப்பியபோது சட்டென்று லேசாயிற்று. வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். ஸ்பேனரை எடுத்துப் பார்த்தால் உள்ளே போல்ட்டின் தலை மட்டும் இருந்தது.

ஐந்தாவதை அவசரப்படாமல் பார்த்தாள். துரு எண்ணெய் அடித்து, அரைமணி நேரம் காத்திருந்து, சுத்தியலால் லேசாகத் தட்டி, ஒரு நூல் அளவு திருப்பி, மறுபடி எண்ணெய் அடித்து... அதுவும் முறிந்தது.

"த்தூ! எவன்டா இத்த மாட்னது!" என்று கத்தினாள். வேனை அவளுக்கு விற்ற ஆளை, அவன் வைத்திருந்த மெக்கானிக்கை, போல்ட் செய்தவனை, ஒருவரையும் விடவில்லை.

சரி, தலைதான் இல்லையே, பம்பை இழுத்தால் வந்துவிடும் என்று பார்த்தாள். வரவில்லை. முறிந்த போல்ட்டின் தண்டுகள் எஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டு பம்பின் ஓட்டைகளுக்குள் துருவேறி இறுகியிருந்தன. போல்ட்டின் இரும்பும் பம்பின் அலுமினியமும் ஒன்றாகவே ஒட்டிப்போன மாதிரி. இழுத்தாள், ஆட்டினாள், மரக்கட்டை வைத்துத் தட்டினாள். பம்ப் அசையவே இல்லை.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் டீசல் ஊற்று என்றார். இன்னொருவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணு, தானா வந்துடும் என்றார். முன்பு ஹார்பரில் கிரேன் ஓட்டிய ராமதாஸ், மாடிப்படியில் உட்கார்ந்தபடி, "ஓங்கி ஒண்ணு உடும்மா. பயந்துகினு தட்னா எப்டி வரும்?" என்றார்.

எரிச்சலில் ஓங்கித்தான் விட்டாள். பம்பின் ஓரம் ஒரு துண்டு உடைந்து விழுந்தது. பம்ப் அங்கேயேதான் இருந்தது.

குழலி சுத்தியலைத் தூக்கி எறிந்தாள். அது போய்ச் சாக்கடைக் கால்வாயில் விழுந்தது. கூட்டம் மெல்லக் கலைந்தது.

அவள் புருஷன் அறிவு குச்சியால் கால்வாயைத் துழாவி சுத்தியலை எடுத்து, குழாயில் கழுவி, அவள் பக்கத்தில் வைத்தார். அவர் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் வேலை செய்கிறார். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு.

"கொயலி, யாராச்சும் மெக்கானிக்க இட்டாரவா?"

"இன்னொரு தபா அந்தப் பேச்சு பேசின, அப்றம் நான் மன்சியா இருக்கமாட்டேன்."

அறிவு தரையில் கிடந்த போல்ட்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, "சாண்ட்ரா மெக்கானிக்கு இல்லியே. அது வெல்டிங்கு தான?" என்றார்.

குழலி அவரை முறைத்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாண்ட்ரா ராயபுரத்துப் பெண். காசிமேட்டில் படகு வேலை செய்கிற வெல்டர். வேனின் சீட் கம்பி விட்டுப்போனபோது ஒட்டிக்கொடுத்தவள். அறிவு ஃபோன் செய்ததும், மாதா கோயிலுக்குப் போய் வந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் வெல்டிங் மிஷினைக் காலடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். குனிந்து பார்த்தாள்.

"அக்கா, போட்டுல தெனம் இதான் கத. உப்புத் தண்ணில எல்லாம் இப்டித்தான் புட்சிக்கும். சூடு காட்டணும்."

கேஸ் டார்ச்சால் பம்பைச் சுற்றிச் சுற்றிச் சூடேற்றினாள். இரண்டு பேருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார்கள். கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. திடீரென்று கிறீச்சென்று ஒரு சத்தம். பம்ப் கையோடு வந்தது. குழலி பின்னால் மல்லாந்து விழுந்தாள்.

எழுந்து பார்த்தபோது சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பம்பின் பின்னால் எஞ்சின் வாய் முழுக்க செங்கல் நிறத்தில் சேறு. துருச் சேறு.

"இதுல இன்னா தண்ணிக்கா ஊத்துற?" என்றாள் சாண்ட்ரா.

"போர் தண்ணி."

சொல்லும்போதே குழலிக்கு விளங்கிவிட்டது. தெருமுனை போரில் வரும் அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதைத்தான் மூன்று வருஷமாகத் தன் கையால் ரேடியேட்டரில் ஊற்றி வந்தாள். தண்ணீருக்குப் பதில் துருப் பிடிக்கவிடாத கூலன்ட் வாங்கு என்று அறிவு இரண்டு தடவை சொன்னார். கலர் தண்ணிக்கு எதுக்குக் காசு என்று அவள்தான் தட்டிக்கழித்தாள். காலையிலிருந்து ஊரில் உள்ளவர்களையெல்லாம் திட்டியாயிற்று. இப்போது திட்ட வேறு ஆள் இல்லை.

அறிவு பக்கத்தில்தான் நின்றார். அது அவளை இன்னும் குத்தியது.

"சொல்லுய்யா. அன்னிக்கே சொன்னேன்னு சொல்லு."

"இன்னாத்த சொல்றது? டீ சாப்ட்றியா?"

எஞ்சினில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு தண்டுகளை எடுப்பது பாக்கி. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, தண்டின் முனையில் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பினாள் சாண்ட்ரா. ஆறியதும் ஸ்பேனர் போட்டுத் திருப்பினாள். முதல் தண்டு முனகிக்கொண்டே வெளியே வந்தது. இரண்டாவதில் நட்டு மட்டும் விட்டுக்கொண்டு வந்தது. திரும்ப ஒட்டினாள். திரும்ப விட்டது. மூன்றாவது தடவை மிஷினை எடுக்கும்போது கரண்ட் போயிற்று. லைனில் வேலை நடக்கிறதாம், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பொழுது சாயும் வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். பிறகு சாண்ட்ரா மிஷினை அங்கேயே விட்டுவிட்டு, "நாளிக்குப் பத்து மணிக்கு வரேன்க்கா. காலைல ஒரு போட்டு வேல கீது" என்று கிளம்பினாள்.

வண்டி ஏற்பாடு செய்யும் கான்ட்ராக்டருக்குக் குழலி ஃபோன் செய்தாள்.

"ஒரு நாள்தான் சார். நாளான்னிக்கு வந்துடுவேன்."

"வேற வண்டிக்குச் சொல்லிடுறேன்மா. ஒரு நாளைக்கின்னா எவனும் வரமாட்டான். இந்த வாரம் முழுக்க அவரே ஓட்டட்டும்."

நான்கு வருஷத்தில் ஒரு ட்ரிப் தவறியதில்லை. அதை அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் வேன் டயரை உதைத்தாள். கட்டை விரல் வீங்கியதுதான் மிச்சம்.

திங்கள் பத்து மணிக்கு சாண்ட்ரா வந்தாள். இந்தத் தடவை முதலில் ஒரு வாஷரை ஒட்டி, அதன் மேல் நட்டை ஒட்டினாள். குழலி ஸ்பேனரோடு பாய்ந்தாள்.

"அக்கா, தொடாத. தானா ஆறட்டும்."

அந்தப் பத்து நிமிஷம்தான் குழலிக்கு இரண்டு நாளிலும் பெரிய பாடு. எழுந்தாள், உட்கார்ந்தாள், புது பம்பை நான்கு தடவை துடைத்தாள். பிறகு ஸ்பேனரை மாட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினாள். ஒரு நூல் முன்னால், ஒரு நூல் பின்னால். அசைந்தது. இன்னும் கொஞ்சம். கால் சுற்று, அரைச் சுற்று. கடைசியில் துருப் பிடித்த அந்தத் துண்டு உள்ளங்கையில் சுடச்சுட விழுந்தது. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "நாய்க்குப் பொறந்தது" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே இருந்த சேறு போகக் கழுவி, ஒழுகாமல் அடைக்கும் புது பேக்கிங், புது போல்ட் போட்டுப் பம்பை மாட்டி, பச்சைக் கூலன்ட்டை ஊற்றி ஸ்டார்ட் செய்தபோது மணி மூன்று. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அந்த வாரம் முழுக்க வேன் ஹவுசிங் போர்டு வாசலில் சும்மா நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ட்ரிப் திரும்பக் கிடைத்தது. பதிலுக்கு வந்த அந்த வேன்காரன் வழியெல்லாம் பீடி குடித்தானாம். மாத்திரைக் கம்பெனி மெர்லினும் மற்ற பெண்களும் கான்ட்ராக்டரிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள். மறுபடி ஓட்ட ஆரம்பித்தும் குழலிக்கு நம்பிக்கை வரவில்லை. திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டிராஃபிக்கில் வேன் நிற்கும்போதெல்லாம் இறங்கி, குனிந்து, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

"இன்னாக்கா, இன்னிக்கு இது மூணாவது தபா. ஏறு, ஷிஃப்ட்டுக்கு நேரமாவுது" என்று மெர்லின் உள்ளேயிருந்து கத்துகிறாள்.